அஞ்சில் ஒரு பங்கு

அந்தப் பையைக் கொஞ்சம் காலுக்குக் கீழ வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, நான் உக்காரணும். பின்னால சீட்டு இருக்குன்னு கைகாட்டாதீங்க. கடைசி சீட்டுல இந்த பஸ்காரன் தூக்கித் தூக்கிப் போடுவான், முன்னால போனா வெயில் மூஞ்சியில அடிக்கும். இங்ஙனதான் உக்காருவேன். இன்னைக்கு நான் யார்கிட்டயும் இனிக்க இனிக்கப் பேசுத நிலைமையில இல்ல, தப்பா நினைச்சிக்கிடாதீங்க.

பையில என்ன, மிக்சியா? ரிப்பேர் பாக்கீங்களா? நல்ல தொழில். நீங்க ஒரு மிக்சியைக் கழத்திச் சரிபண்ணிக் கொடுத்தா, எவளாவது வந்து இது ஏன் ஓடுது, எப்படி ஓடுதுன்னு உங்களை நிக்க வச்சுக் கேள்வி கேப்பாளா? மாட்டா. சட்னி அரைக்கப் போயிருவா. எனக்கு வாச்ச டீச்சர் அப்படி இல்ல.

நான் ஆசிரியர் பயிற்றுநர். வாத்தியார் இல்ல, வாத்தியார்களுக்கு வாத்தியார். எங்க வட்டாரத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல போயும் கொம்பையா சார்னு கேட்டுப் பாருங்க, எந்திரிச்சு நின்னுதான் பதில் சொல்லுவாங்க. அதாவது போன வருஷம் வரைக்கும் அப்படிச் சொன்னாங்க. இப்ப என்ன சொல்லுதாங்கங்கிறதைப் பின்னால சொல்லுதேன்.

இப்ப எங்க போயிட்டு வாரேன்னா, ஜில்லா ஆபீஸ்ல ஒரு விசாரணை. என் மேல இல்ல, என் மேல எவன் விசாரணை போடுவான்? நான் கொடுத்த மனு மேல. குழல்வாய்மொழின்னு ஒரு டீச்சர், செவ்வந்திப்பேரி நடுநிலைப் பள்ளியில சயின்ஸ் எடுக்கா. அவளை அங்ஙனருந்து தூக்கி மலை மேல உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாத்துங்கன்னு எழுதிக் கொடுத்திருந்தேன். அங்க ஒரு இடம் காலியா இருக்கு. காலையில ஒரு பஸ் மேல போகும், சாயங்காலம் ஒரு பஸ் கீழ வரும், மழை பெஞ்சா அதுவும் வராது. இருக்கட்டுமே. மலையில பிள்ளைங்க இல்லியா?

அவ வீட்டுக்காரருக்குக் கிட்னி போயிட்டு. செவ்வந்திப்பேரி பெரியாஸ்பத்திரியிலதான் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணுதாங்க. ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல இருக்கு. சாயங்காலம் மணி அடிச்சதும் இவ ஓடிப்போய்ப் பக்கத்துல உக்காருவா, முடிஞ்சதும் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போவா. மலைக்குப் போனா அது நடக்காது. எல்லாம் தெரிஞ்சுதான் எழுதுனேன். கஷ்டம் ஆருக்குத்தான் இல்ல? எனக்குச் சுகர் இருக்கு. நான் போற வாறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேனா?

அவ என்ன செஞ்சான்னு கேளுங்க, பெறகு நான் செஞ்சது தப்பான்னு சொல்லுங்க.

மேல இருந்து ஒரு திட்டம் வந்துச்சு. 'வீட்டுக்குள்ளே விஞ்ஞானம்'. லேப் இல்லாத பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க சோதனை செஞ்சு படிக்கணுமாம். அடுப்பங்கரையில உள்ள மஞ்சள், சோப்பு, எலுமிச்சம்பழம், டம்ளர், மெழுகுவர்த்தி, இதை வச்சே வீட்டுல செய்யணும். முதல்ல டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்கணும், அவங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். எங்களை ரெண்டு நாள் வெளியூருக்குக் கூட்டிட்டுப்போய்ச் சோறு போட்டு, புத்தகம் கொடுத்து, கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டி அனுப்பிவச்சாங்க. அங்க எவனும் ஒரு டம்ளரையும் தொடல. நல்ல பயிற்சி.

ஒரு நிபந்தனை மட்டும் வச்சாங்க. பயிற்சி கொடுக்கப் போறவங்க அவங்கவங்க வீட்டுல ஒரு சோதனை செஞ்சு, வீடியோ எடுத்து அனுப்பணும். நான் மெழுகுவர்த்தியை எடுத்துக்கிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லாரும் படிச்சதுதான். ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவர்த்தியைப் பொருத்தி வச்சு, அது மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தணும். கொஞ்ச நேரத்துல தீ அணைஞ்சிரும், தண்ணி டம்ளருக்குள்ள ஏறும். எவ்வளவு ஏறும்? அஞ்சுல ஒரு பங்கு. ஏன்? காத்துல ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்கு. தீ அதைத் தின்னுரும், அந்த இடத்துக்குத் தண்ணி வந்துரும். நான் படிச்சது அதுதான், எங்க வாத்தியார் படிச்சதும் அதுதான்.

என் வீட்டுக்காரி பிரமநாயகி போனைப் பிடிச்சா. டம்ளர்ல அஞ்சு சம பங்கா நகப்பாலிஷால கோடு போட்டேன். அந்த அளவுக்குச் சுத்தமா வேலை செய்யுதவன் நான். கவுத்துனேன். தீ அணைஞ்சுது. தண்ணி ஏறுச்சு. ஏறுச்சு, ஏறுச்சு, முதல் கோட்டைத் தாண்டி ரெண்டாவது கோட்டுக்கும் மேல போய் நின்னுச்சு.

மறுபடி செஞ்சேன். மறுபடி அப்படித்தான். டம்ளரை மாத்துனேன், அதுலயும் கூடுதலாத்தான் ஏறுது. சாமான் சரியில்லன்னா நாம என்ன செய்ய? கடைசியா ஒரு தடவை கவுத்திட்டு, தண்ணி ஏறி நின்ன பெறகு, டம்ளர் ஓரத்தை லேசாத் தூக்கிக் கொஞ்சம் காத்தை உள்ள விட்டேன். தண்ணி இறங்கி வந்து முதல் கோட்டுல கச்சிதமா நின்னுச்சு. "பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு"ன்னு போனைப் பாத்துச் சொன்னேன்.

நீங்க சிரிக்கீங்க. மிக்சி ஓடலைன்னா நீங்க என்ன செய்வீங்க? ஓடலைன்னு சொல்லிக் கையில கொடுத்து அனுப்புவீங்களா? ஓட வைப்பீங்கள்லா? அதைத்தான் நானும் செஞ்சேன். சோதனைன்னா வரவேண்டியது வரணும். வரலைன்னா வரவைக்கணும். அதுக்குத்தான் அனுபவம்னு பேரு.

பிரமு மட்டும், "ஏங்க, நீங்க தூக்குனதும் இதுல விழுந்திருக்கே"ன்னா. அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு அனுப்புனேன். மேல இருந்து பாராட்டு வந்துச்சு அண்ணாச்சி! 'துல்லியமான செய்முறை'ன்னு போட்டிருந்தாங்க. மாநில அளவுல பயிற்சி கொடுக்க என் பேரைப் பரிசீலிக்கோம்னும் சொன்னாங்க. நான் ஒரு கோட்டு சூட்டுக்கு அளவு கொடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

எங்க வட்டாரத்துக்குப் பயிற்சி நாள் வந்துச்சு. ஒரு பெரிய ஹால், நாப்பது டீச்சர்மாரு, எல்லாரையும் வீட்டுலருந்து தட்டு, டம்ளர், மெழுகுவர்த்தி கொண்டாரச் சொல்லியிருந்தேன். அவங்க செய்யணும்னு இல்ல, போட்டோவுக்கு. என் வீடியோவைத் திரையில போட்டுக் காட்டிட்டு, தாளைக் கொடுத்துட்டு, சாப்பாட்டுக்கு விட்டுறலாம்னு இருந்தேன். தாள்ல எல்லாம் அச்சடிச்சிருந்தேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, கண்டது, முடிவு. கண்டதுங்கிற இடத்துலயும் நானே அடிச்சிட்டேன், 'நீர் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது'ன்னு. பாவம், அவங்களுக்கு எழுதுத வேலை மிச்சம்லா.

நேரம் பாத்துக் கரண்டு போச்சு. திரை இருட்டு. நாப்பது பேரும் என் மூஞ்சியைப் பாக்காங்க. சரி, நீங்களே செஞ்சு பாருங்கன்னு சொல்லிட்டேன். அதுதான் நான் செஞ்ச ஒரே தப்பு. கரண்டு வரட்டும்னு ஒரு கதை சொல்லிச் சமாளிச்சிருக்கணும்.

எல்லாரும் கொளுத்துனாங்க, கவுத்துனாங்க. ஒருத்தருக்கு ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம்தான் ஏறுச்சு, ஒருத்தருக்குக் கால் டம்ளர், ஒருத்தருக்கு ஏறவே இல்ல, தட்டுல தண்ணி பத்தல. நான் சத்தமாக் கேட்டேன், "எவ்வளவு ஏறியிருக்கு?" ஹால் முழுக்க ஒரே குரல், "அஞ்சுல ஒரு பங்கு சார்!" முன்வரிசையில ஒரு பெரியவர், ரிட்டயர் ஆகப்போறவர். அவருக்குத் தண்ணி ஏறவே இல்ல. அவரும் தலையை ஆட்டிட்டு அஞ்சுல ஒண்ணுன்னாரு. பண்பான மனுஷன். சர்வீஸ்னா அது.

அப்ப இவ எந்திரிக்கா. "சார், எனக்குப் பாதிக்குப் பக்கம் வந்திருக்கு."

நான் நல்லவிதமாத்தான் சொன்னேன். "டம்ளர் சரியில்ல டீச்சர்." பக்கத்துல உள்ளவங்க டம்ளரை வாங்கிச் செஞ்சா. "இப்பவும் பாதி சார்." "மெழுகுவர்த்தி பெருசு டீச்சர்." சின்னதா நறுக்கி வச்சுச் செஞ்சா. வேற அளவு வருது, ஆனா அஞ்சுல ஒண்ணு வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்காச் செய்யத் தெரியலன்னு அவளுக்கு ஒத்துக்கிட மனசு இல்ல.

பெறகு கேட்டாளே ஒண்ணு. "சார், வீட்டுல மூணு மெழுகுவர்த்தியைச் சேத்து வச்சுப் பாத்தேன். இன்னும் கூட ஏறுச்சு. டம்ளர் அதேதான், உள்ள இருக்க ஆக்சிஜனும் அவ்வளவுதான். பெறகு எப்படி சார் கூட ஏறும்? சூட்டுல விரிஞ்ச காத்து ஆறுனதும் சுருங்குது, அதனால இருக்குமோ?"

எம்எஸ்ஸி படிச்சவன்கிட்ட கேக்கா. நான் சொன்னேன், "டீச்சர், வீட்டுல எதுக்கு மூணு மெழுகுவர்த்தி? புத்தகத்துல ஒண்ணுதான போட்டிருக்கு?" எவனோ பின்னால சிரிச்சான். அவளைப் பாத்துச் சிரிக்கான்னு நினைச்சு நானும் சிரிச்சேன். பெறகுதான் தெரிஞ்சுது, ஹால் மொத்தமும் என்னைப் பாத்துச் சிரிக்கு. அஞ்சுல ஒண்ணுன்னு கோரஸ் பாடுனவங்கதான் அத்தனை பேரும்!

அவ சிரிக்கல. அதையும் சொல்லிரணும். "பிள்ளைங்க வீட்டுல செஞ்சு பாத்துட்டு வந்து கேப்பாங்க சார். எல்லார் வீட்டுலயும் ஒண்ணு போல வராது. நான் என்ன பதில் சொல்லன்னுதான் கேட்டேன்"னா. நான், "பரீட்சைக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லுங்க, அதுக்குத்தான் சம்பளம்"னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். தயிர்சாதத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.

அன்னையிலருந்து எனக்குப் பேரு என்ன தெரியுமா அண்ணாச்சி? அஞ்சுல ஒண்ணு. பள்ளிக்கூடத்து வாசல்ல வண்டியை நிறுத்துனா உள்ள குசுகுசுன்னு பேச்சு, "அஞ்சுல ஒண்ணு வந்திருக்கு". டீக்கடையில போய் நின்னா மாஸ்டர் கேக்கான், "முழு டீயா சார், அஞ்சுல ஒண்ணா?" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மேலயும் யாரோ வத்தி வச்சிட்டாங்க. மாநிலப் பயிற்சிக்கு என் பேரு வரல, வேற ஒருத்தன் போயிட்டான். அவனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. நான் பட்ட அவமானத்துக்கு ஆரு பதில் சொல்லுதது? அன்னைக்கு ராத்திரியில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. கண்ணை மூடுனா அந்தச் சிரிப்புதான் கேக்கும்.

நான் பொறுத்தேன். சும்மா சொல்லப்பிடாது, காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பொறுத்தேன். எங்க வட்டாரத்துக்குச் சயின்ஸ் கேள்வித்தாள் எடுக்கதும் நான்தான், விடைத்தாளை வாங்கிச் சரிபாக்கதும் நான்தான். ஒரு மார்க் கேள்வியில போட்டேன், 'எரியும் மெழுகுவர்த்தி மீது டம்ளரைக் கவிழ்த்தால் நீர் எத்தனை பங்கு உயரும்?' எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க அழகா அஞ்சுல ஒண்ணுன்னு எழுதியிருக்கு. செவ்வந்திப்பேரியில மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொண்ணு எழுதியிருக்கு. 'எங்கள் வீட்டில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி.' 'முதலில் கால், இரண்டாம் தடவை அரை.' ஒரு பிள்ளை எழுதியிருக்கு, 'டம்ளரை எடுக்க அம்மா விடவில்லை, அதனால் எனக்குத் தெரியாது.' தெரியாதுன்னு எழுதுது அண்ணாச்சி, பரீட்சையில! எனக்கு ரத்தம் கொதிச்சுது. தெரியாதுன்னு எழுதச் சொல்லிக் கொடுக்குத டீச்சரை வச்சிக்கிட்டு ஒரு நாடு எங்ஙன உருப்படும்? எல்லாத்துக்கும் சைபர் போட்டேன்.

அந்தத் தாளையெல்லாம் சேத்துக் கட்டி மனு எழுதுனேன். பயிற்சியில இடையூறு செஞ்சது, பாடத்துக்கு விரோதமாச் சொல்லிக் கொடுத்தது, பிள்ளைங்களைக் குழப்புனது. நிர்வாக மாறுதல் கொடுக்கணும்னும், மலையில இடம் காலியா இருக்கதையும் தாழ்மையாக் குறிப்பிட்டேன். அதுல என் சொந்தப் பகை ஒரு துளி கிடையாது. பிள்ளைங்க நன்மைக்கு.

விஷயம் தெரிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வந்துட்டா. உள்ள வரல, படிக்கட்டுல நின்னுக்கிட்டே பேசுதா. "சார், மாறுதல் மட்டும் வேண்டாம். அவுகளைத் தனியா விட்டுட்டு மலைக்கு என்னால போக முடியாது. ஊசி எடுத்த பெறகு சில நாள் தலை சுத்தி விழுந்துருதாக. நான் இனிமே பயிற்சியில வாயைத் திறக்கல, கும்பிட்டுக் கேக்கேன்."

எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா. நான் சொன்னேன், "சரி டீச்சர், நான் பெருந்தன்மையா விட்டுருதேன். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அஞ்சுல ஒரு பங்குதான் ஏறுச்சு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க."

அவ சொல்லுதா, "பாத்தது அது இல்லியே சார்."

வேற என்ன வேணாலும் எழுதித் தாராளாம். "நான் மரியாதைக் குறைவாப் பேசிட்டேன்னு எழுதுதேன், மன்னிப்புக் கேக்கேன், இதை மட்டும் எப்படி சார் எழுத"ன்னா. எவ்வளவு திமிரு பாத்தீங்களா? புருஷன் அங்ஙன படுத்த படுக்கையாக் கிடக்காரு, இவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி பெருசாப் போச்சு. பிரமு உள்ளருந்து காப்பி கொண்டாந்து கொடுத்தா அவளுக்கு. நான் கொடுக்கச் சொல்லல. அவ போன பெறகு பிரமு கேக்கா, "ஒரு டம்ளர் தண்ணிக்கா இவ்வளவும்?" நான் சொன்னேன், "அதை அவகிட்டக் கேளு." அன்னையிலருந்து வீட்டுலயும் எனக்குப் பேச்சு குறைஞ்சு போச்சு. சோத்தைப் போட்டு வச்சிட்டுப் போயிருதா.

இன்னைக்கு விசாரணை. அதிகாரி ஒரு வயசாளி, நியாயஸ்தன்னு பேரு வாங்கணும்னு ஆசை உள்ள மனுஷன். மாறுதல் உத்தரவை டைப் அடிச்சு மேசை மேல வச்சிருக்காரு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அவ ஒரு ஓரமா நிக்கா, கையில சாப்பாட்டுத் தூக்கு. இங்க முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். அவரு ரெண்டு தரப்பையும் கேட்டுட்டு, திடீர்னு கண்ணாடியைக் கழத்தி வச்சிட்டுச் சொல்லுதாரு, "இதுக்கு எதுக்குப் பேச்சு? இப்பவே செஞ்சு பாத்துருவோம்."

நான் இதை எதிர்பாக்கல. ஆனா பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா? சரி சார்னுட்டேன். சுடலைன்னு ஒரு பியூன், அவன் எதுத்த டீக்கடையில ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கிட்டு வந்தான். யாரோ ஒரு டிபன் பாக்ஸ் மூடியைக் கழுவிக் கொடுத்தாங்க. கரண்டு போனா கொளுத்த வச்சிருந்த மெழுகுவர்த்தி அலமாரியில கிடந்துச்சு. ஃபேனை நிறுத்துனாங்க. அவ மூடியில தண்ணி ஊத்தி மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நட்டு வச்சா, நான் டம்ளரைக் கவுத்துனேன். அதிகாரி மூக்கைக் கொண்டுவந்து என் கைக்கிட்ட வச்சிக்கிட்டு நிக்காரு. ஓரத்தைத் தூக்க வழியே இல்ல.

தீ சுருங்குச்சு, அணைஞ்சுது. தண்ணி ஏற ஆரம்பிச்சுது. நான் உள்ளுக்குள்ள இசக்கியம்மனை வேண்டுதேன், நில்லு, நில்லு, அங்ஙனேயே நில்லுன்னு. அது நிக்கல. கால் டம்ளரைத் தாண்டுச்சு, பாதியைத் தொட்டுச்சு, அதுக்கும் மேல ஒரு விரக்கடை போய் நின்னுச்சு. தண்ணி ஏறும்போதே அதிகாரிக்கு போன் வந்துருச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "ஆமாங்க ஐயா, சரிங்க ஐயா"ன்னு பேசுதாரு. பேசிக்கிட்டே என்னைப் பாத்துக் கையால கேக்காரு, எவ்வளவுன்னு.

"அஞ்சுல ஒரு பங்கு சார்."

நான் சொன்னேன். சொல்லாம? அவரு போனைப் பொத்திக்கிட்டு சுடலையைக் கேட்டாரு, "என்னடே, உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?" அவன், "நான் என்னத்தக் கண்டேன், படிச்சவங்க சொன்னாச் சரிதான் சார்"னான். பெறகு அவளைப் பாத்துச் சொல்லுதாரு, "ஏம்மா, நீங்களும் அதையே சொன்னா இந்த ஃபைலை இங்கயே மூடிருதேன், நீங்க உங்க பள்ளிக்கூடத்துலயே இருக்கலாம். இல்லன்னா இந்த உத்தரவுல கையெழுத்துப் போடுதேன். சீக்கிரம் சொல்லுங்க, லைன்ல ஐயா இருக்காங்க."

அவ டம்ளரைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மேசை மேல இருந்த உத்தரவைப் பாக்கல, என்னையும் பாக்கல, டம்ளரைத்தான் பாத்தா. தூக்கை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்துனா. எனக்குத் தெரியும் அவ என்ன சொல்லுவான்னு. அன்னைக்குப் படிக்கட்டுல நின்னு சொன்னாளே, அதைத்தான் சொல்லுவா. மலைக்குப் போய்ச் சேரட்டும், சனியன் விட்டுதுன்னு நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன்.

"அஞ்சுல ஒரு பங்குதான் சார்"னுட்டா.

அதிகாரி டம்ளரைத் திரும்பிக்கூடப் பாக்கல. உத்தரவைக் கிழிச்சுக் கூடையில போட்டுட்டு, சந்தோஷம், ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்கன்னு சொல்லிட்டுப் போன்ல பேசப் போயிட்டாரு. முடிஞ்சுபோச்சு. நான் சொன்னதுதான் சரின்னு ஆயிருச்சு. ஜெயிச்சிட்டேன். நீங்க என்னைப் பாத்தா ஜெயிச்சவன் மாதிரியா தெரியுது?

வெளிய வந்தா, குழாயடியில நின்னு டீக்கடை டம்ளரைக் கழுவுதா. மெழுகு ஒட்டியிருக்குன்னு நகத்தால சுரண்டிச் சுரண்டிக் கழுவுதா. நான் போய்க் கேட்டேன், "ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?" நிமிந்து பாத்தா. கண்ணு சிவந்திருந்துச்சு. "நீங்க சொன்னதைத்தான சார் நானும் சொன்னேன்"னுட்டு, டம்ளரைக் கடையில கொடுத்துட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டா. வீட்டுக்காரருக்கு நேரமாயிட்டாம்.

எனக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியல அண்ணாச்சி. ஆத்திரமா வருது. பாதிக்கு மேல நின்னுச்சு. பெத்த தாய் மேல ஆணையாச் சொல்லுதேன், பாதிக்கு மேல ஒரு விரக்கடை. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், அவளும் பாத்தா. பாத்துட்டு, கொஞ்சம்கூடக் கூசாம அஞ்சுல ஒண்ணுங்கா!

என்ன? நானும் அதான சொன்னேனா? நான் சொன்னது வேற அண்ணாச்சி. நான் புத்தகத்துல உள்ளதைச் சொன்னேன். அவ செஞ்சு பாத்தவ. வீட்டுல பாத்தா, ஹால்ல பாத்தா, நாப்பது பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னா. என் வீட்டு வாசல்ல வந்து, பாத்தது அது இல்லியே சார்னு சொன்னா. அப்படிப்பட்டவ இன்னைக்கு இப்படிச் சொல்லலாமா? இவளை நம்பித்தான அந்தப் பிள்ளைங்க சைபர் வாங்கிட்டு உக்காந்திருக்கு? நாளைக்குக் காலையில கிளாஸ்ல போய் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பா?

நான் விடமாட்டேன். வீட்டுக்குப் போனதும் இன்னொரு மனு எழுதப் போறேன். இந்தத் தடவை ஜில்லா ஆபீஸுக்கு இல்ல, நேரா மேலயே அனுப்புவேன். விசாரணை அதிகாரி முன்னால, கண்ணெதிர்ல நிக்குத தண்ணியைப் பாத்துக்கிட்டே, குழல்வாய்மொழி டீச்சர் பொய் சொல்லிட்டான்னு எழுதுவேன்.